சத்தமில்லாத ஹோம் தியேட்டர் பெட்டி மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

ஹார்டு டிஸ்க் கெட்டுப்போகும்போது டக் டக்கென்று சத்தம் போட்டுச் சொல்லிவிடும். ஃப்ளாஷ் அப்படியில்லை. மெமரி கார்டோ, பென்டிரைவோ, எஸ்எஸ்டியோ, சாகும் தறுவாயில்கூட வாய் திறக்காது. விசிறியும் டிஸ்க்கும் இல்லாமல் ஆசை ஆசையாக அமைத்த பெட்டியில் பிழை வந்தால், போர்டில் இருக்கும் குட்டி விளக்கு, டிவி திரை, நடப்பதைக் குறித்துவைக்கும் லாக் ஃபைல் இந்த மூன்றும்தான் நமக்குச் சாட்சி.

இங்கே நான் எடுத்துக்கொள்வது ராஸ்பெர்ரி பை 4 அல்லது 5 என்ற கையளவு கம்ப்யூட்டர் போர்டு, அதில் லிப்ரெஎலெக் என்ற இயங்குதளம், அதன்மேல் ஓடும், படம் காட்டும் கோடி மென்பொருள். சிஸ்டம் மைக்ரோ எஸ்டி கார்டிலோ யுஎஸ்பி எஸ்எஸ்டியிலோ இருக்கிறது. படங்கள் வீட்டு நெட்வொர்க்கில் உள்ள இன்னொரு கம்ப்யூட்டரிலோ நாஸ் என்ற நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியிலோ இருக்கின்றன. விசிறியில்லாத இன்டெல் மினி பிசி வைத்திருப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

தேடும் வரிசை முக்கியம்: முதலில் மின்சாரம், அடுத்து கார்டு, கடைசியில்தான் மென்பொருள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். லேசாகத் தடுமாறியதும் கார்டை ஃபார்மேட் அடித்துப் புதிதாக இன்ஸ்டால் செய்கிறார்கள். தடயம் அத்தனையும் அழிந்துபோகிறது, காரணம் மட்டும் அப்படியே இருக்கிறது, கொஞ்ச நாளில் அதே பிழை மறுபடி வருகிறது.

தொடங்குமுன் ஒரு வேலை. பெட்டி ஓடும் நிலையில் இருந்தால் லிப்ரெஎலெக் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் பேக்கப் எடுங்கள். அந்த ஃபைல் பெரும்பாலும் அதே கார்டில்தான் சேமிக்கப்படும், ஆகவே எடுத்த கையோடு வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள். கார்டு போனால் அதில் இருக்கும் பேக்கப்பும் சேர்ந்து போய்விடும்.

டிவியில் எதுவுமே வரவில்லை

டிவியை விட்டுவிட்டு போர்டைப் பாருங்கள். பை 4-இல் சிவப்பு விளக்கு மின்சாரத்துக்கு, பச்சை விளக்கு கார்டைப் படிப்பதற்கு. பை 5-இல் இரண்டும் ஒரே விளக்கில் நிறம் மாறித் தெரியும்.

சிவப்பே எரியவில்லை என்றால் அடாப்டரும் கேபிளும்தான் சந்தேகத்துக்குரியவை. 2019-இல் வந்த பை 4 போர்டின் முதல் பதிப்பில் டைப்-சி இணைப்பில் ஒரு வடிவமைப்புக் குறை இருந்தது. லேப்டாப் சார்ஜர்களோடு வரும், உள்ளே அடையாளச் சிப் வைத்த கேபிளை மாட்டினால் சார்ஜர் மின்சாரமே தராது. சாதாரண கேபிளை மாட்டினால் ஓடும். பழைய போர்டை இரண்டாங்கையாக வாங்கியவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

பச்சை விளக்கு ஒழுங்கில்லாமல் படபடவென்று மின்னினால் கார்டு படிக்கப்படுகிறது, நல்லது. ஒரே எண்ணிக்கையில் மின்னி, நின்று, மறுபடி மின்னினால் எண்ணுங்கள். நான்கு என்றால் தொடக்க ஃபைல் கிடைக்கவில்லை. ஏழு என்றால் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, கிடைக்கவில்லை. இரண்டுக்கும் அர்த்தம், கார்டில் இருக்க வேண்டியது இல்லை அல்லது படிக்க முடியவில்லை. கார்டை வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். முதல் பார்ட்டிஷனில் கெர்னல், சிஸ்டம் என்று இரண்டு பெரிய ஃபைல்கள் இருக்க வேண்டும். அப்டேட் நடக்கும்போது கரண்ட் போயிருந்தால் இவற்றில் ஒன்று அரைகுறையாக இருக்கும். அதே பதிப்பின் நல்ல ஃபைல்களை அதன் மேல் போட்டால் போதும். உங்கள் லைப்ரரி (கோடி வைத்திருக்கும் படப் பட்டியல்) இரண்டாவது பார்ட்டிஷனில் பத்திரமாக இருக்கும். எட்டு தடவை மின்னினால் கார்டு மேல் பழி இல்லை, போர்டின் நினைவகத்தில் கோளாறு.

விளக்குகள் எல்லாம் சரி, டிவியில் மட்டும் சிக்னல் இல்லை என்றால் முதலில் சாக்கெட்டைப் பாருங்கள். இரண்டு எச்டிஎம்ஐ சாக்கெட்டுகளில் டைப்-சிக்குப் பக்கத்தில் இருப்பதில்தான் மாட்ட வேண்டும். அடுத்து, டிவியை முதலில் ஆன் செய்துவிட்டுப் பிறகு பெட்டிக்கு மின்சாரம் கொடுங்கள். இப்போது படம் வந்தால், டிவி தூங்கும்போது தன் விவரத்தைப் பெட்டிக்குச் சொல்வதில்லை என்று பொருள். லிப்ரெஎலெக்கில் டிவியின் விவரத்தைப் பதிந்துவைக்க 'getedid create' என்று ஒரு கட்டளை உண்டு. டிவி ஆனில் இருக்கும்போது ஒருமுறை ஓடவிட்டு ரீபூட் செய்தால் தொல்லை தீரும். நடுவில் ஏவி ரிசீவர் இருந்தால், சோதிக்கும்வரை அதைக் கழற்றிவிட்டு நேரடியாக மாட்டுங்கள்.

திடீரென்று ரீபூட் ஆகிறது, அல்லது ஓரத்தில் மின்னல் குறி வருகிறது

இது மின்னழுத்தக் குறைவு. போர்டுக்கு வரும் 5 வோல்ட், சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை பதிவாகும். பழைய பதிப்புகளில் திரையின் ஓரத்தில் மின்னல் குறி தெரியும். புதிய பதிப்புகளில் குறி தெரியாமலே போகலாம். கெர்னல் லாகில் 'அண்டர்வோல்டேஜ் டிடெக்டட்' என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரே ஒரு தடவை இருந்தாலும் அலட்சியம் வேண்டாம். கார்டு எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்னழுத்தம் சரிந்தால் எழுதியது பாதியில் நின்றுவிடும். 'கார்டு அடிக்கடி கெட்டுப்போகிறது' என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு மட்டமான சார்ஜரோ கேபிளோ இருக்கிறது.

பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். பை 5-க்கு 5.1 வோல்ட், 5 ஆம்பியர். இங்கேதான் பலர் வாட் கணக்கைப் பார்த்து ஏமாறுகிறார்கள். 65 வாட் லேப்டாப் சார்ஜரை மாட்டினால் தாராளம் என்று தோன்றும். அந்த 65 வாட், 20 வோல்ட்டில் கிடைப்பது. 5 வோல்ட் கேட்டால் பெரும்பாலான சார்ஜர்கள் 3 ஆம்பியர்தான் தரும். பை 5 இதைக் கண்டுகொண்டு, யுஎஸ்பி சாக்கெட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் விடும். ரிமோட்டுக்கான குட்டி யுஎஸ்பி டாங்கிளுக்கு அது போதும், எஸ்எஸ்டிக்குப் போதாது. எஸ்எஸ்டியிலிருந்து பூட் ஆக வேண்டிய பை 5, பவர் பட்டனை அழுத்தச் சொல்லித் திரையில் நின்றால் காரணம் இதுவே. உரிய 5 ஆம்பியர் அடாப்டர் வாங்குவதுதான் சரி. செட்டிங்கை மாற்றிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தலாம், ஆனால் சார்ஜரால் உண்மையிலேயே தர முடியாவிட்டால் மின்னழுத்தம் மறுபடி சரியும்.

டிவியின் பின்னால் உள்ள யுஎஸ்பி சாக்கெட்டிலிருந்து பெட்டிக்கு மின்சாரம் எடுக்கவே எடுக்காதீர்கள். டிவியை அணைத்ததும் கம்ப்யூட்டரும் பட்டென்று செத்துவிழும். தினம் ராத்திரி ஒரு பவர் கட் என்றால் எந்தக் கார்டு தாங்கும்?

நேற்று மாற்றியது இன்று இல்லை

கோடியின் ஸ்கின்னை (திரைத் தோற்றத்தை) மாற்றுகிறீர்கள், எல்லாம் நன்றாக ஓடுகிறது. ரீபூட் செய்ததும் பழைய ஸ்கின் வந்து நிற்கிறது. பார்த்து முடித்த படம் பார்க்காதது போலக் காட்டுகிறது. அழித்த ஃபைல் மறுபடி இருக்கிறது. கார்டை கம்ப்யூட்டரில் செருகி ஃபார்மேட் செய்தால் 'வெற்றி' என்று சொல்கிறது. எடுத்துச் செருகினால் பழைய ஃபைல்கள் அத்தனையும் அப்படியே இருக்கின்றன.

முதல் தடவை பார்ப்பவருக்கு மாயம் போல இருக்கும். நடந்தது இதுதான். ஃப்ளாஷின் ஒவ்வொரு பிளாக்கையும் இத்தனை தடவைதான் அழித்து எழுதலாம் என்று வரம்பு உண்டு. சில பிளாக்குகள் தேயும்போது, கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் ஒதுக்கிவைத்த உதிரி பிளாக்குகளை அந்த இடத்தில் போடும். உதிரியும் தீர்ந்தால் பல கார்டுகள் தம்மைத் தாமே பூட்டிக்கொள்ளும்: படிக்கலாம், எழுத முடியாது. சில கார்டுகள் எழுத மறுத்து எரர் தரும். சில கார்டுகள் எழுதியதாகத் தலையாட்டிவிட்டு எதையும் எழுதாது. புதிய விவரம் ரேமில் இருக்கும்வரை எல்லாம் சரியாகத் தெரியும், ரீபூட்டில் குட்டு வெளிப்படும்.

இதற்கு வைத்தியம் கிடையாது, எந்த ரிப்பேர் மென்பொருளும் வேண்டாம். ஆனால் படிக்க முடிகிற நிலையில் பூட்டிக்கொண்டது உங்களுக்கு நல்லது. உடனே முழுக் கார்டையும் இமேஜாக (அப்படியே ஒரே ஃபைலாக) நகலெடுத்துப் புதிய கார்டில் எழுதுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இதே போலத் தெரியும் இன்னொரு நிலை உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. கெர்னல் லாகில் 'ரிமவுண்டிங் ஃபைல்சிஸ்டம் ரீட்-ஒன்லி' என்று இருந்தால், ஃபைல்சிஸ்டத்தில் பிழை கண்ட லினக்ஸ், மேலும் கெடாதிருக்கத் தானே எழுதுவதை நிறுத்தியிருக்கிறது. கார்டு நன்றாகவே இருக்கலாம். அதை வேறொரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் செருகி ஃபைல்சிஸ்டம் சோதனையை ஓடவிடுங்கள். சரியாகித் திரும்ப வராவிட்டால் காரணம் பவர் கட்தான். சில நாளில் மறுபடி வந்தால், அல்லது லாகில் கார்டின் பெயரோடு −110 என்ற எரர் எண் வந்தால், அது கார்டு பதில் சொல்லாமல் நேரம் கடந்துவிட்டதைக் குறிக்கிறது. அடாப்டர் சரியாக இருக்கும்பட்சத்தில் கார்டை மாற்றுங்கள்.

கார்டைத் தேய்ப்பது எது? படம் பார்ப்பது அல்ல. கார்டிலிருந்தே படத்தை ஓட்டினாலும் படிப்பதால் தேய்மானம் இல்லை என்றே சொல்லலாம். எழுதுவதுதான் தேய்க்கிறது. லைவ் டிவியை நிறுத்திப் பார்க்கும் டைம்ஷிஃப்ட் வசதியைக் கார்டில் எழுதவிட்டால், 8 மெகாபிட் வேகத்தில் வரும் ஒரு சேனல் மணிக்கு 3.6 ஜிபி எழுதும். தினம் நாலு மணி நேரம் டிவி ஓடும் வீட்டில் 16 ஜிபி கார்டு அன்றாடம் ஏறக்குறைய முழுதாக அழித்து எழுதப்படுகிறது. டைம்ஷிஃப்ட்டை ரேமுக்கு மாற்றுங்கள், ரெக்கார்டிங்கை நாஸுக்கு அனுப்புங்கள், டவுன்லோடை இந்தப் பெட்டியில் செய்யவே செய்யாதீர்கள். எப்போதோ பிழை தேட ஆன் செய்த டீபக் லாகை அணைக்கவும் மறக்காதீர்கள், அது நிமிடத்துக்கு நிமிடம் எழுதிக்கொண்டே இருக்கும்.

புதுக் கார்டை வாங்கியதும் முதல் வேலை, கொள்ளளவைச் சோதிப்பது. 128 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 8 ஜிபி மட்டும் வைத்த போலிகள் சந்தையில் நிறைய. முழுக் கார்டிலும் எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும் இலவச மென்பொருள்கள் உள்ளன: லினக்ஸில் எஃப்3, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ. போலிக் கார்டு முதலில் அழகாக வேலை செய்யும்; உண்மையான கொள்ளளவைத் தாண்டிய நாளில்தான் நாசம் தொடங்கும்.

கரண்ட் போய் வந்தது, லைப்ரரி காலி

பதறி எதையும் அழிக்காதீர்கள். இதற்கு மூன்று காரணங்கள் உண்டு, மூன்றும் வெளியே ஒரே மாதிரி தெரியும்.

முதல் காரணம், ரூட்டர் இன்னும் எழுந்திருக்கவில்லை. கரண்ட் வந்ததும் பெட்டி அரை நிமிடத்துக்குள் தயார், ரூட்டருக்கும் நாஸுக்கும் இன்னும் நேரம் வேண்டும். கோடி தேடும்போது நெட்வொர்க்கே இல்லை. படத்தின் பெயர் தெரிகிறது, தொட்டால் 'இந்த ஃபைல் இல்லை, லைப்ரரியிலிருந்து நீக்கவா?' என்று கேட்கிறது. வேண்டாம் என்று சொல்லுங்கள். லைப்ரரியைச் சுத்தம் செய்யும் வேலையையும் அப்போது தொடங்காதீர்கள். லிப்ரெஎலெக் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில், நெட்வொர்க் வரும்வரை காத்திருந்து கோடியைத் தொடங்கும் வசதி இருக்கிறது. அதை ஆன் செய்து, உங்கள் ரூட்டர் எழ எவ்வளவு நேரமாகிறதோ அவ்வளவு விநாடி வையுங்கள்.

இரண்டாவது காரணம், சேஃப் மோட். கோடி தொடர்ந்து பல தடவை விழுந்தால், லிப்ரெஎலெக் பழைய செட்டிங்ஸ் ஃபோல்டரை ஓரமாக வைத்துவிட்டு வெறும் கோடியைத் தொடங்கும். புதிதாக இன்ஸ்டால் செய்தது போலவே இருக்கும். உங்கள் பழைய ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் 'ஃபெயில்டு' என்று சேர்த்து அதே இடத்தில் இருக்கும். அதன் உள்ளே லாகைப் பாருங்கள், கடைசியாக எந்த ஆட்-ஆன் (கோடியில் கூடுதலாகச் சேர்த்த மென்பொருள்) ஓடும்போது விழுந்தது என்று பெரும்பாலும் தெரியும். அதை நீக்கிவிட்டு ஃபோல்டரைப் பழைய பெயருக்கே மாற்றினால் எல்லாம் திரும்ப வரும்.

மூன்றாவது, டேட்டாபேஸே கெட்டுவிட்டது. லாகில் 'மால்ஃபார்ம்டு' என்ற சொல் வந்தால் இதுதான். போஸ்டர் படங்களின் டேட்டாபேஸ் மட்டும் கெட்டிருந்தால் கவலையில்லை. டெக்ஸ்சர்ஸ் என்று தொடங்கும் ஃபைலையும் தம்ப்நெயில்ஸ் ஃபோல்டரையும் இரண்டையும் சேர்த்தே நீக்குங்கள், தானாக மறுபடி உருவாகும். வீடியோ டேட்டாபேஸ் கெட்டிருந்தால் பேக்கப்பிலிருந்து அந்த ஒரு ஃபைலை எடுத்து வையுங்கள். பேக்கப் இல்லையென்றால் மறுபடி ஸ்கேன் செய்யத்தான் வேண்டும், எதுவரை பார்த்தோம் என்ற குறிப்பெல்லாம் போய்விடும். கோடியின் லைப்ரரி எக்ஸ்போர்ட் வசதியில் தனித்தனி ஃபைல்களாக ஏற்றுமதி செய்துவைத்தால், ஒவ்வொரு படத்தின் விவரமும் அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே நாஸில் இருக்கும். கார்டு போனாலும் அடுத்த ஸ்கேனில் அங்கிருந்து வந்துவிடும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் மாறும் கணத்தில் பெட்டி ரீபூட் ஆனால், இன்வெர்ட்டரின் பின்புறம் பாருங்கள். பலவற்றில் யுபிஎஸ் என்றும் நார்மல் அல்லது ஈகோ என்றும் ஒரு சுவிட்ச் இருக்கும். யுபிஎஸ் நிலையில் மாறும் நேரம் குறைவு, கம்ப்யூட்டர் தாங்கும்.

மெனுவே நகரவில்லை, போஸ்டர்கள் ஒவ்வொன்றாக வருகின்றன

படம் மட்டும் நன்றாக ஓடுகிறது, மெனு மந்தம் என்றால் சிறு சிறு ஃபைல்களை எடுக்கும் வேகம் போதவில்லை. கார்டின் உறையில் '100 எம்பி வேகம்' என்று அச்சிட்டிருப்பது பெரிய ஃபைலை நீளமாகப் படிக்கும் வேகம். இங்கே அது உதவாது. ஏ1 என்ற குறியைப் பாருங்கள். விநாடிக்குக் குறைந்தது 1500 தடவை அங்கங்கே படிக்கவும் 500 தடவை எழுதவும் முடியும் என்ற உத்தரவாதம் அது. மலிவான பென்டிரைவ்கள் இந்தக் கணக்கில் நல்ல கார்டைவிடவே மோசம், சூடும் அதிகம். பென்டிரைவில் சிஸ்டத்தை வைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். கார்டு பிடிக்கவில்லை என்றால் நேராகச் சின்ன எஸ்எஸ்டிக்குப் போங்கள். மாற்றுமுன் காலியிடம் எவ்வளவு இருக்கிறது என்றும் பாருங்கள், நிரம்பிய ஃப்ளாஷ் எதுவானாலும் மந்தமாகும்.

படம் விக்கி விக்கி ஓடுகிறது

படம் ஓடும்போது கீபோர்டில் 'ஓ' விசையை அழுத்துங்கள். சுருக்கிய வீடியோவை விரிக்கும் டிகோடர் எது, அது ஹார்டுவேரா இல்லையா, சிபியு எவ்வளவு என்று காட்டும். பை 4-இல் எச்.264, எச்இவிசி என்ற வீடியோ வடிவங்கள் இரண்டுக்கும் ஹார்டுவேர் டிகோடர் உண்டு. பை 5-இல் எச்இவிசிக்கு மட்டும்தான், எச்.264-ஐ சிபியுவே செய்கிறது, 1080பி வரை சிரமமில்லை. ஏவி1-க்கு இரண்டிலும் ஹார்டுவேர் இல்லை. 4கே ஏவி1 ஃபைல் விக்கினால் செட்டிங்ஸை நோண்டி நேரத்தை வீணாக்காதீர்கள், அதற்கு இன்டெல் என்100 போன்ற சிப் உள்ள பெட்டி வேண்டும்.

கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சியில் மட்டும் சீரான இடைவெளியில் லேசாக இடறினால், அது ரிஃப்ரெஷ் ரேட். விநாடிக்கு 24 ஃப்ரேம் உள்ள படத்தை 60 ஹெர்ட்ஸில் காட்டினால் ஒரு ஃப்ரேம் மூன்று தடவை, அடுத்தது இரண்டு தடவை என்று வரும். பிளேயர் செட்டிங்ஸில் படத்துக்கேற்ப ரிஃப்ரெஷ் ரேட்டை மாற்றச் சொல்லுங்கள்.

கால் மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு விக்கினால் சூடு. 80 டிகிரியில் பை தன் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரி இருக்கும்போது, மூடிய டிவி ஸ்டாண்டுக்குள் வைத்த பெட்டிக்கு மூச்சுவிட இடம் ஏது? பெட்டியின் உடம்பே ஹீட்சிங்க்காக இருக்கும் அலுமினியக் கேஸ் விசிறியில்லாமல் சமாளிக்கும். புதிதாக மாட்டியும் சூடு குறையவில்லை என்றால் திருகைக் கழற்றி, சிப்பின் சூட்டைக் கேஸுக்குக் கடத்தும் தெர்மல் பேடைப் பாருங்கள். அதன் இரு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். ஒரு பக்கத்துத் தாளை உரிக்காமலே மாட்டிவிடுவது சகஜம். நகத்தால் மூலையைக் கீறினால் உரிந்து வரும்.

எஸ்எஸ்டி மாட்டியதிலிருந்து வைஃபை அறுபடுகிறது, அல்லது பெட்டி அவ்வப்போது உறைகிறது

இவை இரண்டு தனித்தனிப் பிழைகள். யுஎஸ்பி 3 கேபிளும் சாக்கெட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல்லே 2012-இல் விளக்கமாக வெளியிட்டிருக்கிறது. வைஃபை மட்டுமல்ல, ரிமோட்டின் டாங்கிளும் அதே அலைவரிசைதான். ரிமோட் பட்டனை இரண்டு மூன்று தடவை அழுத்த வேண்டியிருந்தால் பேட்டரியை மாற்றுமுன் டாங்கிளை ஒரு முழ நீள யுஎஸ்பி 2 நீட்டிப்பு கேபிளில் மாட்டி எஸ்எஸ்டியைவிட்டுத் தள்ளி வையுங்கள். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். லான் கேபிள் இழுக்க முடிந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை.

அரை நிமிடம் எல்லாம் உறைந்து பிறகு தொடர்ந்தால் எஸ்எஸ்டிக்கும் யுஎஸ்பிக்கும் நடுவில் இருக்கும் அடாப்டர் சிப்பைப் பாருங்கள். சில சிப்கள் யுஏஎஸ் என்ற வேகமான முறையில் லினக்ஸோடு ஒத்துப்போவதில்லை. எஸ்எஸ்டியை யுஎஸ்பி 2 சாக்கெட்டில் மாட்டிப் பாருங்கள், உறைவது நின்றால் சந்தேகம் வலுக்கிறது. சிப்பின் அடையாள எண்ணைக் கெர்னலுக்கான கட்டளை வரி ஃபைலில் சேர்த்து அந்த ஒரு சாதனத்துக்கு மட்டும் யுஏஎஸ்ஸை அணைக்கலாம். வேகம் கொஞ்சம் குறையும், ஹோம் தியேட்டருக்கு அது தெரியவே தெரியாது.

எதுவும் பொருந்தவில்லை

யுஎஸ்பியில் உள்ள அனைத்தையும் கழற்றுங்கள். சரியானது என்று உறுதியாகத் தெரிந்த அடாப்டர், கொள்ளளவு சோதித்த புதுக் கார்டு, அதில் புதிதாக எழுதிய லிப்ரெஎலெக், ஆட்-ஆன் எதுவும் வேண்டாம். பழைய கார்டைத் தொடாமல் எடுத்து வையுங்கள். இந்த நிலையில் ஒரு முழுப் படம் ஓடவிட்டுப் பாருங்கள். நன்றாக ஓடினால் ஒவ்வொன்றாகச் சேருங்கள்: முதலில் பேக்கப், அடுத்து எஸ்எஸ்டி, அடுத்து ரிமோட் டாங்கிள். எதைச் சேர்த்ததும் பிழை வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். வெறும் போர்டிலேயே பிழை வந்தால் செலவு செய்ய வேண்டியது போர்டுக்குத்தான். பழைய கார்டை அதே மாடல் புதுப் போர்டில் செருகினாலே உங்கள் லைப்ரரியோடு எழுந்துவிடும்.